நிதிக் கணிதம் படித்தவர்களே, எந்தக் கணக்கு உங்களை இன்னும் விடாமல் துரத்துகிறது?

கார்முகில்:

கல்லூரியில் இந்தப் பாடம் எடுத்தவர்கள் எல்லாரும் கடன் தவணை அட்டவணை (ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று வரிசையாகப் பிரித்துக் காட்டுவது) போட்டிருப்பீர்கள், அதனால் சூத்திரத்துக்குள் போகவில்லை. ஒரு லட்சம் அசல், ஆண்டுக்கு 9 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை. தவணை 899.73 என்று வந்தது, சரி. முதல் வரிசையில் வட்டி 750, அசலில் கழிவது வெறும் 149.73. எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று ரப்பர் போட்டு அழித்தேன். மறுபடி போட்டேன், அதே 149.73. மூன்றாவது முறை அழித்தபோது தாள் கிழிந்தது. பக்கத்தில் இருந்தவன் நோட்டை எட்டிப் பார்த்தால் அவனும் அதே எண்ணை எழுதிவிட்டு என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசிரியர் 240 வரிசையையும் போடச் சொல்லவில்லை. 120-வது தவணை கட்டியதும் அசலில் மீதி எவ்வளவு என்று மட்டும் கேட்டார். பாதிக் காலம் போனதால் ஐம்பதாயிரம் என்று நாலைந்து குரல் வந்தது, அதில் என் குரலும் ஒன்று. விடை 71,026. அசல் பாதியாகக் குறைய 168 தவணை, அதாவது 14 வருடம்.

அந்தச் சமயத்தில் அப்பா வீட்டுக் கடனில் பத்தாவது வருடத்தை முடித்திருந்தார், ஏறக்குறைய இதே வட்டி, இதே காலம். "பாதிக் கிணறு தாண்டியாச்சு" என்று சாப்பிடும்போது சொல்வார். அன்று இரவும் சொன்னார். 71,026 நாக்கு நுனி வரை வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

வெள்ளாம்பல்:

என்னுடையது தேர்வு அறை. ஒரு கேள்வியில் வாடகை மாதத் தொடக்கத்தில் கட்டுவதாக வந்ததால் நிதிக் கால்குலேட்டரை பிஜிஎன் (BGN) முறைக்கு, அதாவது தவணையை மாதத் தொடக்கத்தில் கட்டுவதாகக் கணக்கிடும் முறைக்கு மாற்றினேன், திரும்ப மாற்றவில்லை. அடுத்த நாலு கேள்வியும் மாதக் கடைசியில் கட்டும் தவணை. ஒரு லட்சம், மாதம் 1 சதவீதம், 12 தவணை: 8,884.88 வந்திருக்க வேண்டும், நான் எழுதியது 8,796.91. வித்தியாசம் அவ்வளவு சின்னது என்பதால் சந்தேகமே வரவில்லை, எல்லா விடையும் நம்பும்படிதான் இருந்தது. பேனாவை மூடும்போதுதான் திரையின் மேல் ஓரத்தில் எறும்பு மாதிரி அந்த மூன்று எழுத்தைப் பார்த்தேன். மணி அடித்துவிட்டது. இன்றும் எந்தத் தவணைக் கணக்குக்கும் முதலில் ஒரு கோடு போட்டு, பணம் எந்தப் புள்ளியில் கைமாறுகிறது என்று குறித்துவிட்டுத்தான் பொத்தானைத் தொடுகிறேன்.

எட்டாம்பக்கம்:

கார்முகில், உங்கள் பதிவைப் படிக்கிறவர்கள் கடன் கொடுத்தவர் முதலில் வட்டியை எல்லாம் எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள், அது சரியில்லை. அந்த மாதம் கையில் இருந்த கடனுக்கு அந்த மாத வட்டி, அவ்வளவுதான். முதல் மாதம் முழு லட்சமும் உங்களிடம் இருக்கிறது, 0.75 சதவீதம் 750. இதில் ஒளிவுமறைவே இல்லை. ஒளிவுமறைவு எங்கே இருக்கிறது என்றால் ஃப்ளாட் வட்டியில்.

வண்டி வாங்க ஒரு லட்சம் கடன் வாங்கினேன், 10 சதவீதம் ஃப்ளாட், இரண்டு வருடம். வருடத்துக்குப் பத்தாயிரம், இரண்டு வருடத்துக்கு இருபதாயிரம், மொத்தத்தை 24-ஆல் வகுத்தால் மாதம் 5,000. மனக்கணக்கிலேயே சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து வகுப்பில் இதே அளவுகளோடு ஒரு கணக்கு வந்தது. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் கடைசி வரை முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்கு வட்டி என்று வைத்தால் உண்மையான விகிதம் என்ன? 12 போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. 15 போட்டேன், பொருந்தவில்லை. 18-ஐத் தாண்டித்தான் நின்றது. பலகையில் "18.2" என்று எழுதும்போது ஆசிரியரின் சாக்பீஸ் கீச்சென்று சத்தம் போட்டது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் பையில் மூன்று தவணை ரசீது இருந்தது.

மாலைநேரம்:

கடன் இல்லாமல் ஒரு அனுபவம் சொல்லட்டுமா. ஒரு ரூபாயை ஒரு வருடத்துக்கு 100 சதவீத வட்டியில் போட்டால் இரண்டாகும். மாதாமாதம் வட்டியை அசலில் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். ஆளுக்கொரு கால்குலேட்டர். 2.613. தினமும் சேர்த்தால்? 2.7146. மணிக்கு மணி சேர்த்தால் பெரிய தொகையாகும் என்று நான் உறுதியாக நம்பினேன், 8,760 தடவை அல்லவா! வந்தது 2.7181. கால்குலேட்டர் கெட்டுவிட்டது என்று பக்கத்து மேசையில் இரவல் வாங்கிப் போட்டேன். அதுவும் 2.7181. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் பலகையில் e என்று எழுதினார், எத்தனை தடவை சேர்த்தாலும் தாண்டாத 2.71828... என்ற எல்லை. பள்ளியில் மடக்கை படிக்கும்போது எங்கிருந்தோ குதித்த எண் என்று நான் மனப்பாடம் செய்தது, 1683-இல் ஜேக்கப் பெர்னூலி இதே வட்டிக் கேள்வியைப் போட்டுப் பார்த்தபோது வந்து நின்ற எண்ணாம். இதை முதலிலேயே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் கணிதத்தைக் கண்டு அத்தனை வருடம் ஒதுங்கியிருக்க மாட்டேன் என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

பழையமாணவன்:

என் கதை சின்னது: 50 சதவீதம் ஏறி, அடுத்த வருடம் 50 சதவீதம் இறங்கிய முதலீட்டின் சராசரி லாபம் பூஜ்யம் என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். 100 போட்டால் 150, அப்புறம் 75. கால்வாசி போய்விட்டது, நான் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது கார்முகில் தம்பிக்காக. தம்பி, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். 899.73-உடன் மாதம் 100 சேர்த்து முதல் மாதத்திலிருந்தே கட்டியிருந்தால் கடன் 186-வது மாதத்தில் முடிந்திருக்கும், நாலரை வருடம் மிச்சம், வட்டியில் முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். அதே 100-ஐ 120-வது தவணைக்குப் பிறகு தொடங்கினால் பாக்கி 120 மாதம் 102 ஆகும். குறைவுதான், ஆனாலும் ஒன்றரை வருடம். கூடுதலாகக் கட்டும்போது, தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும், இல்லையென்றால் பலன் பாதியாகிவிடும். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். அப்புறம், 18 சதவீதக் கடன் வேறு ஏதாவது வீட்டில் இருந்தால் அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும், 9 சதவீதத்தை அவசரப்பட்டு அடைத்துவிட்டு 18-ஐ விட்டுவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு மிச்சத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

எட்டாம்பக்கம்:

அவர் ஆலோசனை கேட்கவில்லையே அண்ணா. சொல்லாமல் விட்டது உறுத்துகிறது என்றுதான் எழுதியிருக்கிறார். காலத்தைக் குறைக்கக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

கார்முகில்:

பரவாயில்லை, அண்ணா எழுதியது நல்லதுதான். எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவிடம் சொன்னேன், ஆனால் நாலு வருடம் கழித்து, 168-வது தவணை முடிந்தபோது. அதிலிருந்து கூடுதலாகக் கட்டினார். அண்ணாவின் கணக்கை இப்போது அந்த இடத்திலிருந்து போட்டுப் பார்த்தேன்: மீதி 49,914, பாக்கி 72 மாதம் 63 ஆகிறது. ஒன்பது மாதம் மிச்சம். பத்தாவது வருடமே வாயைத் திறந்திருந்தால் பதினெட்டு.

அட்டவணையை அவர் முன்னால் விரித்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கி வந்தார். 120-வது வரிசையில் விரல் நின்றது. "நீ இதை எப்போ படிச்ச?" என்று கேட்டார். சொன்னேன். விரலை எடுக்காமலே கொஞ்ச நேரம் இருந்தார்.