ஃபிக்சட் வீல்: பின் டயர் ஒரே இடத்தில் தேய்கிறது, பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் 'டக்' என்கிறது – உதவி தேவை

மாதவரம்_28

வணக்கம். தாத்தா ஓட்டிய பழைய கம்பி பிரேக் சைக்கிள் வீட்டில் சும்மா கிடந்தது. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட், செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றி, ஃபிரேமுக்குப் பெயின்ட் அடித்து, ஃபிக்சட் வீலாக (சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும்) மாற்றி ஓட்டுகிறேன். முன்னால் 48 பல், பின்னால் 16 பல். சென்னை ஜி.என்.டி. சாலையில் மாதவரத்திலிருந்து வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் வழியாக மின்ட் வரை வேலைக்குப் போய்வருவது இதில்தான்.

பின் டயரில் ஓர் இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்து கேன்வாஸ் தெரிகிறது. மற்ற இடங்களில் டயரின் பூ அப்படியே இருக்கிறது. ரிம் கோட்டம் என்று நினைத்துக் கோட்டம் எடுத்தேன், டயரையும் மாற்றினேன். புது டயரும் அதேபோல் தேயத் தொடங்கிவிட்டது. இது போதாதென்று, வேகத்தைக் குறைப்பதற்காகப் பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் அது சிறிது தூரம் சும்மா நகர்ந்து, அப்புறம் 'டக்' என்று பிடிக்கிறது. மூலக்கடை மேம்பாலத்து இறக்கத்தில் அந்த ஒரு நொடிக்கு வயிறு கலங்கிவிடுகிறது. செயினும் ஒரு சுற்றில் ஓர் இடத்தில் விறைப்பாகவும், எதிர்ப்பக்கம் வரும்போது தொளதொளவென்றும் இருக்கிறது.

செயினை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் தெருக் கடைக்காரர். மாற்றலாமா?

வியாசர்பாடி வேகம்

டயர் சமாச்சாரத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்தும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதல்லவா? அப்படியானால் ரிம்மின் மேல் பழி போடாதீர்கள். 48ஐ 16ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 3. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் சரியாக மூன்று சுற்று. சறுக்கும்போது எப்போதும் ஒரே காலைத்தான் முன்னால் வைப்பீர்கள். ஆகவே டயரின் அதே இடம்தான் ஒவ்வொரு முறையும் தரையில் உரசும். இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றிச் சறுக்கப் பழகினாலும் கிடைப்பது இரண்டே இடம்.

பின்னால் 17 பல் போட்டால் தேய்மானம் டயரைச் சுற்றி 17 இடங்களில் பரவும், 19 போட்டால் 19 இடங்களில். ஆசைப்பட்டு 18 வாங்கிவிடாதீர்கள். 48க்கு 18 என்பது 8க்கு 3 என்று சுருங்கிவிடும், மூன்றே இடம்தான். என்னைக் கேட்டால் 19. 28 அங்குலச் சக்கரத்தில் 48க்கு 16 என்பது 84 அங்குல கியர் (சக்கர விட்டத்தை அந்த 3ஆல் பெருக்கினால் வருவது; கூடக் கூட மிதிக்கக் கனம்). எதிர்க்காற்றில் மேம்பாலம் ஏறுவதற்கு அது தண்டனை. 19 போட்டால் ஏறத்தாழ 71 அங்குலத்துக்கு வந்துவிடும், முழங்கால் வாழ்த்தும்.

பழைய பட்டறை

தம்பி, செயினை மாற்றுவது இருக்கட்டும். கழற்றிய சாமான்களின் பட்டியலில் பிரேக்கைக் காணோம். அது சைக்கிளில் இருக்கிறதா, இல்லையா? அடுத்தது, பின்சக்கரத்தின் நடுவில் இருப்பது என்ன ஹப்? ஃப்ரீவீல் (மிதிக்காதபோது சும்மா சுற்றும் பல்சக்கரம்) மாட்டியிருந்த பழைய ஹப்பிலேயே ஃபிக்சட் பல்சக்கரத்தை ஏற்றியிருக்கிறார்களா? கிராங்க், அதை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் வைத்ததா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

மாதவரம்_28

பழைய ஹப்தான் ஐயா, 40 போக்ஸ் கம்பி. ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு அதே மரையில் ஃபிக்சட் பல்சக்கரத்தை ஏற்றி, மேலே பி.பி. (பெடல் அச்சு சுழலும் இடம்) கப்பின் லாக் ரிங் ஒன்றைப் போட்டு, மரையில் பசை தடவி இறுக்கிக் கொடுத்தார்கள். கிராங்க் காட்டர் பின் வைத்ததுதான். கம்பி பிரேக் இரண்டையும் எடுத்துவிட்டேன். முன்னால், ரிம்மை இருபக்கமும் கவ்வும் கேலிப்பர் பிரேக் போட்டுப் பார்த்தேன், கட்டை ரிம்மில் சரியாகப் பதியவே இல்லை. அதையும் கழற்றிவிட்டேன்.

கொருக்குப்பேட்டை கியர்

இதற்கு இவ்வளவு விசாரணை எதற்கு? பல்சக்கரத்தை ஹப்போடு சேர்த்து நாலு இடத்தில் வெல்டிங் வைத்துவிடுங்கள். ஜென்மத்துக்கும் கழலாது. என் நண்பனின் சைக்கிள் அப்படித்தான் ஓடுகிறது.

பழைய பட்டறை

ஓடும், ஓடாது என்று சொல்லவில்லை. பல்சக்கரம் கடினமாக்கிய எஃகு, ஹப் வேறு இரும்பு. வெல்டிங் சூட்டில் ஹப் கோணும், உள்ளே பால்ரஸ் உட்காரும் கப்பின் கடினம் போகும், வைத்த இடத்தில் விரிசல் விடும். எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது. பல் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றவும் வழியில்லை, மொத்தச் சக்கரமும் காயலான் கடைக்குத்தான். அந்த யோசனையை இத்தோடு விடுங்கள்.

இப்போது 'டக்' சத்தத்துக்கு வருகிறேன். ஃப்ரீவீல் ஹப்பில் இருப்பது ஒரே மரை, வலமரை. முன்னால் மிதிக்க மிதிக்க அது இறுகும். ஃப்ரீவீலைப் பின்னுக்கு மிதித்தால் அது சும்மா சுற்றும், ஹப்பை இழுக்காது. அதனால் கழலும் பேச்சே இல்லை. ஃபிக்சட் பல்சக்கரம் அப்படியல்ல. பின்னுக்கு அழுத்துகிற ஒவ்வொரு முறையும் அது கழலும் திசையில் திரும்பப் பார்க்கும். உங்கள் லாக் ரிங்கும் அதே வலமரை என்பதால் பல்சக்கரம் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பிவிடும். பசை தாங்கும்வரை தாங்கும். சறுக்கிச் சறுக்கி நிறுத்துவதைவிட அந்தப் பசைக்குப் பெரிய எமன் கிடையாது.

ஃபிக்சட்டுக்கென்றே செய்த ஹப்பில் இரண்டு படி மரை இருக்கும். பல்சக்கரத்துக்கு வலமரை. அதற்கு வெளியே சற்றுச் சிறிய விட்டத்தில் லாக் ரிங்குக்கு இடமரை. பல்சக்கரம் கழலத் திரும்பினால் லாக் ரிங்கை இறுக்கும் திசையில்தான் தள்ளும். சூட்சுமம் அவ்வளவுதான்.

நான் சொன்னதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். வீட்டில் நகப்பூச்சு இருக்கும். லாக் ரிங், பல்சக்கரம், ஹப் மூன்றையும் சேர்த்து ஒரே நேர்கோடாகத் தீற்றுங்கள். காய்ந்ததும் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பின்னுக்கு நான்கு முறை அழுத்தி நிறுத்துங்கள். கோடு உடைந்திருந்தால் பல்சக்கரம் நகர்கிறது. உடையாமலும் 'டக்' கேட்டால் காட்டர் பின்னைப் பாருங்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பின்சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் பெடலை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். கிராங்க் மட்டும் ஆடி அச்சு நின்றால் பின் தளர்ந்திருக்கிறது.

பிரேக் விஷயம். உங்கள் ரிம்முக்குப் பக்கச்சுவர் தட்டையாக இருக்காது, வளைந்திருக்கும். கேலிப்பர் கட்டை அதில் எப்படிப் பதியும்? கம்பி பிரேக்கின் கட்டை அடியிலிருந்து மேலே தூக்கி ரிம்மின் உள்முகத்தில் அழுந்துகிற சாதனம், ரிம்மும் அதற்காகவே வளைத்தது. பின்பக்கத்தை எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும். முன் கம்பி பிரேக்கை இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள். செயின் கழன்றாலோ பல்சக்கரம் கழன்றாலோ உங்கள் காலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அப்போது பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில் எதைப் பிடிப்பீர்கள்?

கத்திவாக்கம்

நான் எண்ணூர் விரைவுச்சாலையில் போகிறவள். துறைமுகத்துக்குக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையையும் சாலையோரத்து மணலையும் ஒட்டித்தான் தினமும் ஓட்ட வேண்டும். முதலில் ஃபிக்சட் வைத்திருந்தேன், இப்போது ஒற்றை கியர் ஃப்ரீவீல். பள்ளத்துக்கு மேல் எழுந்து நிற்கும்போது பெடல் சுற்றிக்கொண்டே இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. வளைவில் உட்பக்கப் பெடல் தரையில் இடிக்கும் என்ற பயம் வேறு.

இருபுறமும் மரை உள்ள ஹப் வாங்கினால் ஒருபுறம் ஃபிக்சட், மறுபுறம் ஃப்ரீவீல் வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் சக்கரத்தைத் திருப்பிப் போட வேண்டியதுதான். 1937க்கு முன்பு டூர் டி பிரான்ஸ் போட்டியில், ஓடும்போதே செயினை வேறு பல்சக்கரத்துக்கு மாற்றும் டீரெய்லருக்குப் பொதுவாக அனுமதி இல்லை. மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறியவர்கள் உண்டு. ஆனால் ஃப்ரீவீல் பக்கம் ஓட்டும்போது முன்னும் பின்னும் இரண்டு பிரேக்கும் இருக்கட்டும்.

இன்னொன்று. செயின் கவர் இல்லை என்கிறீர்கள். கைலி, துப்பட்டா, தொளதொள பேன்ட் எதையும் இந்தச் சைக்கிளின் அருகில் கொண்டுவராதீர்கள். ஃப்ரீவீல் என்றால் துணி சிக்கியதும் மிதிப்பதை நிறுத்தலாம், இதில் சக்கரம் நிற்கும்வரை செயின் இழுத்துக்கொண்டே போகும்.

பழைய பட்டறை

சகோதரி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சக்கரத்தைச் சுழலவிட்டுச் செயினைத் துணியால் துடைக்காதீர்கள். விரல் நுனியை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மாதவரம்_28

நகப்பூச்சுக் கோடு இரண்டாக உடைந்துவிட்டது ஐயா. பல்சக்கரமும் லாக் ரிங்கும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன. போதாக்குறைக்கு இடப்பக்கக் கிராங்கும் ஆடுகிறது. முன் கம்பி பிரேக்கை மாட்டிவிட்டேன்.

இருபக்க ஹப் தேடினால் 32 துளை, 36 துளை என்றுதான் கிடைக்கிறது. என் பின் ரிம்மில் 40 துளை. பாரிமுனைக் கடைகளிலும் கேட்டேன், 40 துளையில் ஃபிக்சட் ஹப் இல்லை என்கிறார்கள். அதோடு ஹப்பின் அகலம் 120 மி.மீ., என் ஃபிரேமில் பின்பக்க இடைவெளி 112தான் இருக்கிறது. இனி வேறு ஃபிரேம்தானா?

பழைய பட்டறை

வேறு ஃபிரேம் எதற்கு? உங்கள் முன் ரிம்மை எண்ணிப் பாருங்கள், 32 துளை இருக்கும். இந்த ரகச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 என்பதே வழக்கம். ஆகவே 32 துளை ஹப் வாங்கி, கடையில் முன்சக்கர ரிம் ஒன்று வாங்கிப் பின்னால் கோத்துவிடுங்கள். அளவும் அதே 28, டயரும் அதேதான். ஹப்பின் விளிம்பு மாறுவதால் பழைய போக்ஸ் கம்பி நீளம் ஒத்துவராது. ஹப்பையும் ரிம்மையும் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். எட்டுக் கம்பி குறைகிறதே என்றால், ஒருவர் மட்டும் ஓட்ட 32 தாராளம். டபுள்ஸும் தண்ணீர்க் குடமும் மட்டும் வேண்டாம்.

எட்டு மி.மீ. விரிவை எஃகு ஃபிரேம் தாங்கும், ஒவ்வொரு பக்கமும் நாலு மி.மீ.தானே. சூடு காட்டாமல் விரிக்க வேண்டும். நீளமான மரைக்கம்பியில் இரண்டு நட்டுப் போட்டு உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். விட்டதும் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும், அதனால் சிறிது சிறிதாக விரித்து அளந்துகொண்டே போக வேண்டும். ஃபிரேமின் பின்பக்க இரண்டு காலும் ஒரே அளவு விரியும் என்ற நம்பிக்கை வேண்டாம். பின்முனை ஒன்றில் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுமுனைக்குக் கொண்டுவந்து விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். சக்கர அச்சு, அது உட்காரும் பின்முனை வெட்டில் இறுக்கமாக நின்றால் அரத்தால் இரண்டு இழுப்பு. சக்கரம் ஏறியதும் செயின்வீல் மீது ஒரு நீள ஸ்கேலை வைத்துப் பின் பல்சக்கரம் நேர்கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அச்சில் வாசரை இடம் மாற்றி, ரிம்மை மறுபடி நடுவுக்கு இழுக்க வேண்டும்.

காட்டர் பின்னை நட்டால் இழுத்து இறுக்காதீர்கள், மரைதான் போகும். கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து உட்கார வைத்த பிறகு நட்டு. முட்டில்லாமல் அடித்தால் அந்த அடியெல்லாம் பி.பி. பால்ரஸ் மேல் விழும். தளர்ந்த பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதிது சில்லறைக் காசுதான். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், இல்லாவிட்டால் இரு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது.

மாதவரம்_28

சக்கரம் கோத்தாகிவிட்டது. ஃபிக்சட் பக்கம் 19, ஃப்ரீவீல் பக்கம் 18. ஒரு பல் வித்தியாசத்தைப் பின்முனை வெட்டே சமாளித்துக்கொள்கிறது. புது நகப்பூச்சுக் கோடு உடையவில்லை, 'டக்' சத்தமும் இல்லை.

செயின் மட்டும் இன்னும் ஓர் இடத்தில் விறைக்கிறது. இதற்கு என்ன செய்யலாம்?

பழைய பட்டறை

அது செயின்வீல் நடுமையம் விலகியதால் வருவது. அலுமினியக் கிராங்காக இருந்தால் போல்ட்டைத் தளர்த்தித் தட்டிச் சரிசெய்யலாம். உங்களுடையது கிராங்கோடு சேர்த்தே அடித்தது, ஒன்றும் செய்வதற்கில்லை. பெடலைச் சுற்றி, செயின் மிக விறைப்பாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே நடுவில் விரலால் அழுத்தினால் கொஞ்சமாவது தாழ வேண்டும். அந்த இடத்தை வைத்து அச்சை இறுக்குங்கள், தொளதொள இடத்தை வைத்து அல்ல. விறைத்த இடத்தில் சிறிதும் தளர்வில்லாமல் இறுக்கினால் பால்ரஸ் சீக்கிரம் போய்விடும். எதிர்ப்பக்கம் தொங்குவது கையால் பக்கவாட்டில் தள்ளினாலும் பல்லைவிட்டு ஏறாத அளவில் இருந்தால் ஓட்டலாம். ஏறினால் செயின்வீலோடு வலது கிராங்கை மாற்றிவிடுங்கள்.

கொருக்குப்பேட்டை கியர்

என் நண்பனின் ஹப்பைப் போய்ப் பார்த்தேன். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு இருக்கிறது. மாதவரம் நண்பரே, அந்த 40 துளை ஹப் உங்களுக்கு வேண்டாமென்றால் விலை சொல்லுங்கள். அவன் ஃப்ரீவீலுக்கே திரும்புகிறானாம்.

மாதவரம்_28

விலையெல்லாம் வேண்டாம். கோன், கப் இரண்டும் நன்றாக இருக்கின்றன. மாலையில் மின்ட் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மரையில் ஒட்டியிருக்கும் பசையை மட்டும் அவரே சுரண்டிக்கொள்ள வேண்டும்.