இன்செர்ட்டா, நார்மலா? கண்ணுக்குத் தெரியும்படி எடிட்டரின் வண்ணத் தீம் அமைப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். நான்கு மாதங்களாக நியோவிம் என்ற நிரல் எடிட்டரைப் பயன்படுத்தி வருகிறேன். எந்த மோடில் (தட்டுவது எழுத்தாகும் இன்செர்ட்டா, கட்டளையாகும் நார்மலா) இருக்கிறேன் என்பது திரையின் அடியில் எழுதப்பட்டிருந்தாலும், வேலை செய்யும் வரியை விட்டு என் பார்வை அங்கே போவதேயில்லை. நேற்று இன்செர்ட்டில் இருப்பதாக எண்ணி ஒரு குறிப்பைத் தட்டத் தொடங்கினேன். உண்மையில் நார்மலில் இருந்ததால் எழுத்துகள் கட்டளைகளாகி இரண்டு வரிகள் அழிந்தன. அதன்பின், இன்செர்ட்டுக்குள் நுழைந்ததும் முழுப் பின்னணியும் கரும்பச்சையாகும்படி செய்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் கண் சோர்ந்துவிட்டது. தவிர, விஷுவல் மோடில் வரிகளைத் தேர்ந்தெடுத்தால் சாம்பல் நிறக் கமென்ட்டுகள் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்புகள்) பின்னணியோடு கரைந்துவிடுகின்றன. வேறு தீமுக்கு மாறுவதுதான் வழியா? (‘தீமை மாற்ற வேண்டுமா’ என்று எழுதினால் பொருளே வேறாகிவிடுகிறது.)

மறுமொழி 1

தீம் இருக்கட்டும், முதலில் கர்சரின் வடிவத்தைப் பாருங்கள். உங்கள் பார்வை இருக்கும் இடத்திலேயே எப்போதும் இருப்பது அது ஒன்றுதான். நார்மலில் கட்டம், இன்செர்ட்டில் மெல்லிய செங்குத்துக் கோடு, ரிப்ளேஸில் (இருக்கும் எழுத்தின் மேல் எழுதும் மோடு) அடிக்கோடு என்ற பிரிவை நியோவிமின் ஜியுஐகர்சர் அமைப்பு இயல்பாகவே தருகிறது. உங்களுக்கு எல்லா மோடிலும் கட்டமே தெரிகிறதென்றால், எடிட்டர் ஓடும் டெர்மினல் சாளரமோ, அதைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் டிமக்ஸோ இடையில் தடுக்கிறதா என்று பாருங்கள்.

நிறத்தில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டெர்மினலில் கர்சரை வரைவது எடிட்டர் அல்ல, டெர்மினல்தான். ஆகவே தீமில் ‘கர்சர்’ என்ற ஹைலைட் குழுவுக்கு (திரையின் ஒரு வகைப் பகுதிக்கான நிறங்களைத் தாங்கும் பெயர்) நிறம் கொடுத்தால் மட்டும் போதாது. 24 பிட் வண்ணத்தை இயக்கி, ஜியுஐகர்சரில் ஒவ்வொரு மோடுக்கும் ஒரு ஹைலைட் குழுவின் பெயரைச் சேர்த்தால், டெர்மினல் அதை ஏற்கும் பட்சத்தில் கர்சரின் நிறமும் மோடுக்கேற்ப மாறும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். பின்னணியை மாற்றுவது மட்டும் கூடவே கூடாது என்பேன். தீமின் ஆசிரியர் ஒவ்வொரு நிறத்தையும் ஒரே பின்னணியை மனத்தில் கொண்டுதான் தேர்ந்திருப்பார். அதை நீங்கள் பச்சையாக்கினால் சரங்களுக்கும் (நிரலில் மேற்கோளுக்குள் வரும் உரை) கமென்ட்டுகளுக்கும் அவர் வைத்த வேறுபாடு குலைகிறது. கர்சர் நிற்கும் வரியின் எண்ணை மட்டும் நிறம் மாற்றுங்கள். கர்சர்லைன் அமைப்பை இயக்கிவிட்டு, மோடு மாறும்போதெல்லாம் எழும் மோட்சேஞ்ட் என்ற நிகழ்வில் அந்த எண்ணுக்கான கர்சர்லைன்என்ஆர் குழுவை மாற்றினால் போதும். ஆனால் அந்த நிறம் நிரலில் வேறெதற்கும் பயன்படாததாக இருக்க வேண்டும். சரங்கள் ஏற்கெனவே பச்சையில் இருக்கும்போது இன்செர்ட்டுக்கும் பச்சையைக் கொடுத்தால் அது குறியாக நிற்காது.

கமென்ட் மறைவதற்குக் காரணம் கணக்கிலேயே தெரியும். 2011இல் வந்த சோலரைஸ்ட் என்ற தீமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இருண்ட வடிவில் கமென்ட் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் ஏறக்குறைய 2.8:1, முனைப்புக் காட்டுவதற்கென உள்ள பின்னணியின் மீது அதே நிறம் ஏறக்குறைய 2.4:1 ஆகிறது. இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்பதோ 4.5:1. எனவே விஷுவல் குழுவின் பின்னணியைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சமான எழுத்துகளைப் பார்க்காதீர்கள். தீமிலேயே மங்கலான நிறத்தை அதன் மேல் வைத்துச் சோதியுங்கள். எழுத்து நிறத்தைத் தொடாமல் பின்னணியை மட்டும் வரையறுத்தால், தேர்ந்த பகுதியிலும் நிரலின் வண்ணங்கள் அப்படியே இருக்கும்.

இன்னொன்று: தீம் ஏறும்போது பழைய ஹைலைட்டுகளைத் துடைத்துவிடும். உங்கள் மாற்றங்களை, தீம் ஏறியதும் எழும் கலர்ஸ்கீம் நிகழ்வில் கட்டி, தீமை அழைக்கும் வரிக்கு மேலேயே எழுதுங்கள்.

மறுமொழி 3

நான் ஹீலிக்ஸ் என்ற வேறொரு எடிட்டரில் இருக்கிறேன். இங்கே சிக்கல் சற்று வேறு. ஒரு சொல் நகர்ந்தாலே அந்தச் சொல் தேர்வாகிவிடுவதால், தேர்வின் நிறம் நாள் முழுவதும் திரையில் மின்னிக்கொண்டே இருக்கும். நியோவிமுக்குப் பொருந்திய அழுத்தமான நிறத்தை அப்படியே கொண்டுவந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அடங்கிய நிறம் வேண்டும். கர்சரின் வடிவமும் இயல்பாக எல்லா மோடிலும் கட்டமே. திரையின் அடியிலுள்ள நிலைப்பட்டை மோடுக்கேற்ப நிறம் மாற கலர்-மோட்ஸ் என்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும்; அப்போதும் தீமில் அதற்கான நிறங்கள் எழுதப்பட்டிருந்தால்தான் பலன். சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் நம்பி மோடுகளைப் பிரிக்காதீர்கள். அவற்றைப் பிரித்தறிய இயலாத கண்கள் நம்மிடையே குறைவல்ல. எனக்கு நீலமும் ஆரஞ்சும் வைத்திருக்கிறேன்.

கேட்டவர்

நன்றி. வரியெண்ணுக்கு ஆரஞ்சு கொடுத்துவிட்டேன். விஷுவல் பின்னணியை இன்னும் கருமையாக்கியதும் கமென்ட்டுகள் தெரிகின்றன. தவறு என் பக்கமும் இருந்தது: தீமை அழைத்த பிறகுதான் நிகழ்வைக் கட்டியிருந்தேன்.

தமிழில் கமென்ட் எழுதும்போது இன்னொரு தொல்லை உண்டு. கணினியின் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், நார்மலுக்குத் திரும்பிய பின் கட்டளைகளும் தமிழ் எழுத்துகளாகவே போய்ச் சேர்கின்றன. எடிட்டரின் கீமேப் (விசைகளை வேறு எழுத்துகளாக மாற்றும் அட்டவணை) வழியாகத் தட்டினால் இன்செர்ட்டில் தமிழ் வரும், நார்மலின் கட்டளைகள் மாறாது. அப்போது கர்சருக்குப் பயன்படும் எல்கர்சர் குழுவுக்குத் தனி நிறமும் கொடுக்க முடிகிறது. உடன் வரும் தமிழ்க் கீமேப் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்துக்கானது என்பதால், யூனிகோடுக்கு ஒன்றை நானே எழுதத் தொடங்கியிருக்கிறேன். யாரிடமாவது முடித்த கோப்பு இருந்தால் பகிருங்கள்.