பள்ளிக்கூடத்துக்கு வீட்டு வரி: ஓட்டுப் போட்டா ஏற்றிக்கொள்வார்கள்?

வளவுவீட்டான், காரைக்குடி:
மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தபாலில் ஓட்டுச்சீட்டு வந்திருக்கிறதாம். உள்ளூர்ப் பள்ளிக்கு மனைக்கு இத்தனை டாலர் என்று வருஷா வருஷம் வரி போடலாமா, வேண்டாமா என்று அதில் ஒரு கேள்வி. ‘பார்சல் டாக்ஸ்’ என்றாள். நான் கூரியர் சமாச்சாரம் என்று நினைத்துவிட்டேன்.

இங்கே 2022இல் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வரியை இரட்டிப்பாக்கினார்கள். எங்கள் வீட்டுக்கு ஏழு பங்காளிகள். யார் எவ்வளவு கட்டுவது என்று வாட்ஸப்பில் ஆறு மாதம் இழுத்தது. தன் வீட்டு வரியை ஏற்றச் சொல்லி எவராவது ஓட்டுப் போடுவார்களா?

சான்ஹோசேவாசி:
போடுகிறார்கள் அண்ணே, நானே போட்டேன். இங்கே கலிஃபோர்னியாவில் 1978இல் ஜனங்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் ‘பிராப் 13’. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதம்தான், அந்த மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று கட்டிப்போட்டுவிட்டார்கள். பள்ளிக்குக் கூடுதல் பணம் வேண்டுமானால் ஜனங்களிடம்தான் வரவேண்டும்.

பள்ளி நிர்வாகம் கொண்டுவரும் பார்சல் டாக்ஸுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதில் ஆசிரியர் சம்பளம்கூடக் கொடுக்கலாம். கட்டடம் கட்டப் பள்ளி கடன்பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்குவதென்றால் அதற்குத் தனி ஓட்டு. அதற்கு 2000த்திலிருந்து 55 சதவீதம் போதும். ஆனால் செலவைப் பார்க்க ஊர்க்காரர்கள் குழு இருந்தாக வேண்டும். பல இடங்களில் 65 வயதானவர்கள் மனு கொடுத்தால் பார்சல் டாக்ஸ் கிடையாது. வாடகைக்கு இருப்பவருக்கும் ஓட்டு உண்டு. அதில்தான் இங்கே சண்டையே.

வளவுவீட்டான்:
பெரும்பாலும் மனைக்கு ஒரே தொகைதானாமே, மாப்பிள்ளை சொன்னார். அப்படியென்றால் இது நம்ம கோயில் புள்ளி வரி! கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி என்று கணக்குப் போட்டு வாங்குவார்களே, அதேதான். கோடீஸ்வரரும் ஒரு புள்ளி, பெட்டிக்கடைக்காரரும் ஒரு புள்ளி.

ஓய்வுபெற்ற டீச்சர், தேவகோட்டை:
தம்பி, நீங்களும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி என்று ஒரு பங்கு உண்டு. அதன்மேல் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. நம்மிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சம்பளம் அரசாங்கம் தருகிறது, சரி. ஆனால் எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவருக்கு, அரசாங்கப் பணத்தோடு ஊராரும் பங்கு போடும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில், ஊரார் பங்கான மூன்றில் ஒரு பங்கு சேர்க்க நான்தான் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறினேன். பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் யாரிடம் கேட்பது? வாட்ச்மேன் ஐம்பது ரூபாய் எழுதினார்.

வளவுவீட்டான்:
ஆச்சி, அந்த நோட்டு எங்கள் தெருவுக்கு வந்தால் என் பெயரை முதலில் எழுதுங்கள். இந்த வருஷ வரி இன்னும் கட்டவில்லை. மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஏழில் ஐந்து பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். இதுவரை நானும் சிங்கப்பூர்த் தம்பியும்தான்.