டியூட்டீரியத்தைக் ‘கன ஹைட்ரஜன்’ என்று எழுதலாமா?

சொல்தேடி:
பன்மொழிக் கலைச்சொல் பட்டியல் ஒன்றுக்காகக் கேட்கிறேன். டியூட்டீரியம் என்னும் ஹைட்ரஜன் வகைக்கு (அணுக்கருவில் ஒரு புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் உள்ளது) தமிழில் கன ஹைட்ரஜன், இருநீரகம், வெறும் ஒலிபெயர்ப்பு என மூன்றும் கண்ணில் படுகின்றன. மூலச்சொல்லின் பொருள் என்ன? மற்ற மொழிகள் எப்படிச் சொல்கின்றன?

கருவியல்:
வேர் கிரேக்கம். ‘தெயூதெரோஸ்’ என்றால் இரண்டாவது; கனம் என்ற பொருளே அதில் கிடையாது. விவிலியத்தின் உபாகமத்துக்குக் கிரேக்கம் வழி வந்த பெயரிலும் இதே வேர்தான், ‘இரண்டாம் சட்டம்’ என்ற பொருளில். யூரி, பிரிக்வெட், மர்ஃபி மூவரும் 1931-இல் திரவ ஹைட்ரஜனை ஆவியாக்கி, மிஞ்சியதன் நிறமாலையில் இதைக் கண்டார்கள். 1933-இல் ஹைட்ரஜனின் மூன்று வகைகளுக்கும் (சாதாரணமானது, நியூட்ரான் ஒன்று உள்ளது, இரண்டு உள்ளது) முறையே புரோட்டியம், டியூட்டீரியம், டிரிட்டியம் (முதல், இரண்டாம், மூன்றாம்) என்று பெயர் முன்மொழிந்தார்கள். டிரிட்டியம் அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை, பெயர் முந்திக்கொண்டது! ரதர்ஃபோர்டு ‘இரட்டை’ என்ற பொருளில் ‘டிப்லோஜென்’ என்றார், அது நிலைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: ‘இரண்டு’ இங்கே நிறை எண், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை. அணு எண் (புரோட்டான் எண்ணிக்கை) 1தான். ‘இரண்டாம் தனிமம்’ என்று விளக்கம் எழுதினால் அது ஹீலியம் ஆகிவிடும்.

எழுத்தாணி:
ஜப்பானியர் ‘ஜூசுய்சோ’ என்பார்கள்: ஜூ கனம், சுய் நீர், சோ மூலம். நேராகவே கன ஹைட்ரஜன். ஆனால் டிரிட்டியம் ‘சன்ஜூசுய்சோ’. இங்கே அதே ‘ஜூ’ எழுத்துக்கு ‘மடங்கு’ என்றும் பொருள் உண்டு, ‘சன்ஜூ’ என்றால் மும்மடங்கு. ‘மூன்று கன ஹைட்ரஜன்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

சீனம்தான் அழகு. வாயுவைக் குறிக்கும் எழுத்துறுப்புக்குள் புரோட்டியத்துக்கு ஒரு கோடு, டியூட்டீரியத்துக்கு இரண்டு, டிரிட்டியத்துக்கு மூன்று. நிறை எண்ணை எழுத்திலேயே எண்ணிவிடலாம். உள்ளே இருப்பதே ஒலியையும் தருகிறது: மூன்று கோடு ‘ஆறு’ (நதி) என்னும் எழுத்து, அதன் ஒலிதான் டிரிட்டியத்தின் பெயர்.

வேதிமணி:
தமிழுக்கு வருவோம். ‘இருநீரகம்’ வேண்டாம். இரண்டு ஹைட்ரஜன் அணு சேர்ந்த சாதாரண மூலக்கூறுக்கும் அதே பெயர்தான் பொருந்தும். (சிறுநீரகத்துக்குத் தம்பி போலவும் ஒலிக்கிறது.) ‘கன ஹைட்ரஜன்’ விளக்கமாக இருக்கட்டும், தலைச்சொல்லாக வேண்டாம், டிரிட்டியமும் கனமானதுதானே. தலைச்சொல் டியூட்டீரியம், அதன் அணுக்கரு டியூட்டிரான். இவ்விரண்டையும் ஒரே பதிவில் போட்டுக் குழப்பாதீர்கள்.

‘கன’ ஊன்றி நின்ற இடம் கனநீர், அதாவது ஹைட்ரஜன் அணு இரண்டின் இடத்திலும் டியூட்டீரியம் உள்ள நீர். அங்கே அடிக்கடி நேரும் பிழை, கடின நீரோடு கலப்பது. கடின நீர் என்பது கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்த நீர், சோப்பு நுரைக்காது. கனநீரில் உப்பே வேண்டாம், மூலக்கூறே வேறு: அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.1 கிராம், உறைநிலை 3.8 டிகிரி செல்சியஸ், கொதிநிலை 101.4. அதன் பனிக்கட்டி சாதாரண நீரில் மூழ்கும்.

சொல்தேடி:
நன்றிங்க. ஒரு ஹைட்ரஜனும் ஒரு டியூட்டீரியமும் உள்ள நீருக்கு?

வேதிமணி:
‘அரைக் கனநீர்’ என்று போடலாம். தனிப் பதிவு கட்டாயம் வேண்டும். கடல்நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் டியூட்டீரியம். ஒரே மூலக்கூறில் இரண்டு சேர்வது மிக அரிது, ஆகவே இயற்கையில் அது பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கிறது. தூய நிலையில் புட்டியில் பிடித்து வைக்கவும் முடியாது. கனநீரையும் சாதாரண நீரையும் சம அளவு மூலக்கூறுகளாகக் கலந்தால் அணுக்கள் இடம் மாறி, பாதியளவு அரைக் கனநீராகும். மீதியில் மற்ற இரண்டும் கால் பங்கு வீதம் நிற்கும்.