பாம்பன் தீவில் கோயிலைத் தவிர என்ன பார்க்கலாம்? பொங்கல் விடுமுறை நல்லதா, மே மாதம் நல்லதா?

கோத்தகிரி வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்துக்கும் சோலைக்கும் நடுவில் வளர்ந்த என் பிள்ளைகள் இருவரும் இதுவரை கடலில் கால் நனைத்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் மெரினாவில் அரை மணி நேரம். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பும் இளையவன் ஐந்தாம் வகுப்பும் படிக்கிறார்கள். மூத்தவள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் இருப்பதால் பவளப்பாறை, பூநாரை என்று நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறாள். எனவே குடும்பத்துடன் ராமேஸ்வரம் சென்று மூன்று நாள் தங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். என் அம்மா ஏற்கெனவே இரண்டு முறை சென்று இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு வந்தவர் என்பதால், இம்முறை கோயிலுக்கு ஒரு காலை நேரம் போதும். மற்ற நேரமெல்லாம் வெளியில், கடலோரத்தில், இயற்கையைப் பார்த்துக் கழிக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

எங்களுக்கு வாய்ப்புள்ள காலம் இரண்டு. ஒன்று பொங்கல் விடுமுறை, மற்றொன்று மே மாதம். மே மாதத்தில் சீசன் கூட்டத்தால் எங்கள் ஊரில் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாது என்பதால், அப்போது கீழே இறங்கிவிடுவதே நிம்மதி என்று மனைவி சொல்கிறார். எங்களில் எவருக்கும் நீச்சல் தெரியாது. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. எந்தக் காலத்தில் செல்லலாம், எதையெல்லாம் பார்க்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாம்பன் மண் (இப்போது கொடைக்கானல்)

ஐயா, வணக்கம். நான் பாம்பனில் பிறந்து வளர்ந்து, பதினான்கு ஆண்டுகளாகக் கொடைக்கானலில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் தீவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எந்த இடத்துக்குப் போகலாம் என்றுதான் கேட்கிறார்கள். எந்தக் காற்று வீசுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுவிட்டால் உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஆழம் குறைந்து பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் முன்னதைப் பெண்கடல் என்றும், அலை மோதும் பின்னதை ஆண்கடல் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் இந்தப் பெயர் ஆண்டு முழுவதும் பொருந்தாது. வைகாசி தொடங்கி ஆவணி முடிய தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம்போல் இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பியதும் நிலைமை தலைகீழாகிவிடும். வடக்கே கலங்கி அலையடிக்கும், தெற்கே தெளிந்துவிடும்.

ஆகவே பொங்கலுக்கு வருவதானால் தெற்குக் கரையை நம்பித் திட்டமிடுங்கள். அந்தக் கரையில் முதலிடம் குருசடைத் தீவுக்குத்தான். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது, தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகள் அதில் அடக்கம். அந்தத் தீவுகளில் நாமாகப் படகு பிடித்து இறங்க முடியாது. குருசடைக்கு மட்டும் பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறையே சூழல் சுற்றுலாப் படகு விடுகிறது. 1897இல் விவேகானந்தர் வந்திறங்கிய இடமும் அதே குந்துகால்தான், நினைவு மண்டபம் இருக்கிறது. கடலின் நிலையைப் பார்த்துத்தான் படகை எடுப்பார்கள் என்பதால், முதல் நாளே வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, அந்தப் பயணத்துக்கென ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள்.

மே மாதம் வருவதானால் வடக்குக் கரை. சங்குமால், ஓலைக்குடா பக்கத்தில் கரையை ஒட்டியே பவளப்பாறை இருக்கிறது. பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் முகமூடியும் சுவாசக் குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடி பார்க்கலாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டால் நீச்சல் தெரியாதவர்களும் இதில் கலந்துகொள்ளலாம் என்றாலும், உங்கள் மகன் வயதுக் குழந்தைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவனுக்குத் தொண்டியை அடுத்த காரங்காடு ஏற்றது. தீவுக்கு வெளியே, ராமநாதபுரம் மாவட்டத்தின் வடக்குக் கரையில் உள்ள அந்த ஊரில் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகும் துடுப்புப் படகும் விடுகிறார்கள்.

பவளப்பாறையைப் பற்றி உங்கள் மகளிடம் ஒன்று சொல்லி அழைத்து வாருங்கள். படத்தில் பார்க்கும் நிறங்களை எதிர்பார்த்து வந்து ஏமாறுகிறவர்கள் பலர். பவள உயிரியின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகிறது. கடல் அளவுக்கு மேல் சூடானால் அந்தப் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். 2010இலும் 2016இலும் இங்கே அப்படித்தான் நடந்தது. சில இடங்கள் தேறின, சில இடங்கள் தேறவில்லை. வெளுத்ததையும் பிழைத்ததையும் அருகருகே பார்ப்பது அவளுக்கு ஒரு பாடமாகவே இருக்கும்.

நேரமிருந்தால் சின்னப்பாலம் கரைக்குப் போய்வாருங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கிக் கடலுக்குள் முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுக்கிறார்கள். விரல்களைப் பாறை அறுக்காமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் ஒரு சட்டையும் கண்ணாடியும் அணிந்து அவர்கள் இறங்குவதை நீங்கள் பார்க்கலாம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

குன்னூர்ச் சிட்டு

மேலே சொன்ன நண்பர் கடலைப் பற்றி எழுதிவிட்டதால் நான் பறவைகளை மட்டும் எழுதுகிறேன். பூநாரைதான் நோக்கம் என்றால் மே மாதத்தை மறந்துவிடுங்கள். மார்கழி, தை, மாசி ஆகிய மாதங்களில்தான் அவற்றைக் கூட்டமாகப் பார்க்க முடியும். தனுஷ்கோடிச் சாலையிலிருந்து கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் வழியின் இருபுறமும் தேங்கி நிற்கும் ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பில் காலை ஏழு மணிக்கு முன்பே போய் நின்றால், வெயில் ஏறிக் கானல் ஆடுவதற்குள் தெளிவாகப் பார்த்துவிடலாம். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு தனுஷ்கோடியில் பெரும் பூநாரை சரணாலயத்தை அறிவித்திருக்கிறது என்பதால், சாலையை விட்டு இறங்கிச் சேற்றில் நடக்கும் வழக்கத்தை இனியாவது நாம் கைவிட வேண்டும்.

நம் சோலையில் நீலகிரி ஈப்பிடிப்பானை அரை மணி நேரம் இலைகளுக்குள் தேடிப் பழகியவனுக்கு, மறைவே இல்லாத அந்த வெளி முதலில் ஒரு தினுசாக இருந்தது. எல்லாம் கண்ணெதிரே நிற்கின்றன, ஆனால் எட்டாத தூரத்தில். நல்ல பைனாகுலர் இல்லாமல் போனால் இளஞ்சிவப்புக் கோடு ஒன்றைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். பைனாகுலரில் பார்த்தால், ஒரு பூநாரை தலையைக் கவிழ்த்து அலகை நீருக்குள் வைத்தபடி, அதை அச்சாக வைத்துக்கொண்டு காலால் சேற்றை மிதித்துச் சுற்றிச் சுற்றி வருவது தெரியும். சேறு கலங்கி மேலே வரும் சிற்றுயிர்களை அலகால் வடிகட்டித் தின்கிறது. அவை நகர்ந்த பிறகு அந்த இடத்தில் வட்டமான பள்ளம் ஒன்று மிஞ்சியிருக்கும், உங்கள் மகனிடம் அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் ஆலாக்கள், உள்ளான்கள், கடற்காகங்கள் ஆகியவற்றுடன் அதிர்ஷ்டம் இருந்தால் நண்டுதின்னியையும் பார்க்கலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் வழியிலேயே இருக்கின்றன. முனையில் இறங்கிக் குளிக்க வேண்டாம், இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் காலை வாரிவிடும். மாலையில் காவல்துறையினர் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் காலையில் போவதே சரி.

தை அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள். அந்த நாளையொட்டி அக்னி தீர்த்தக் கரையில் நிற்க இடமிருக்காது.

உதகை அம்மா

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், இதனால் யாரேனும் ஒருவர் எச்சரிக்கையாக இருந்தால் போதும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் வடக்குக் கரையில் ஓரிடத்தில் தனியார் படகு ஒன்றில் ஏறினோம். கடல் சலனமே இல்லாமல் நம் ஊர் ஏரியைப்போல் இருந்தது. பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டதற்கு, இடுப்பளவுத் தண்ணீர்தானே அம்மா என்று படகுக்காரர் சிரித்துவிட்டார். நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். திரும்பும் வழியில் எஞ்சின் நின்றது. அலையே இல்லாத கடலில் எங்கள் படகு தானாகக் கரையைவிட்டு விலகிக்கொண்டே போனது. கரையிலிருந்த தென்னை மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது போய், பச்சைக் கோடாகிவிட்டன. வேறொரு நாட்டுப்படகு வந்து கயிறு கட்டி இழுத்துச் செல்ல முக்கால் மணி நேரமானது. குனிந்து படகின் ஓரத்தைப் பிடித்திருந்த என் மகளின் கை நகங்கள் வெளுத்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. அமைதியான கடலில் அது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வராதவர்களுக்குப் படகில் வராது என்று எண்ண வேண்டாம், எனக்கு வந்தது. கரையோரக் கடைகளில் பவளத்துண்டோ காய்ந்த கடல்குதிரையோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. நம் ஊரில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கி வைக்கும்போது சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அங்கே நாம்தான் சுற்றுலாப் பயணிகள்.

பாம்பன் மண் (இப்போது கொடைக்கானல்)

அம்மா, நீங்கள் கேட்டதற்கு விடை அந்தக் காற்றிலேயே இருக்கிறது. மே மாதத்தில் வடக்குக் கரை அமைதியாக இருப்பதற்குக் காரணம், காற்று தீவின் மேலாக வந்து கடலை நோக்கி வீசுவதுதான். கரையை ஒட்டி அலை எழும்ப இடமில்லை, ஆனால் மிதக்கும் எதையும் அது வெளியே தள்ளிக்கொண்டு போகும். அலை குறைந்த கரை பாதுகாப்பான கரை என்று மலையிலிருந்து வருகிறவர்கள் நினைப்பது இயல்பு, எங்கள் மீனவர்கள் அப்படி நினைப்பதில்லை. எஞ்சின் நின்றால் எந்தப் பக்கம் ஒதுங்குவோம் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் அவர்கள் வத்தையை எடுப்பார்கள்.

கோத்தகிரி ஐயாவுக்கும் இது பொருந்தும். பொங்கலுக்கு நீங்கள் தெற்குக் கரையில் நிற்கும்போது வாடையும் அதேபோல் கரையிலிருந்து கடலுக்குத்தான் தள்ளும்.

கோத்தகிரி வாசி

அனைவருக்கும் நன்றி. பூநாரைக்காகப் பொங்கல் விடுமுறையையே முடிவு செய்துவிட்டோம். அதைக் கேட்டதும் மகள் நாள்காட்டியில் குறித்துவிட்டாள். தை அமாவாசைக்கு முன்பே திரும்பும்படி பார்த்துக்கொள்கிறோம். குருசடைக்கு நானும் பிள்ளைகளும் மட்டும் போகும் எண்ணம். அந்த நேரத்தில் அம்மா அதிகம் நடக்காமல் பார்க்கும்படி ஏதாவது இருக்கிறதா? கந்தமாதன பர்வதத்துக்குப் படியேற வேண்டியிருக்கும் என்று அவர் தயங்குகிறார். தவிர, மகனுக்காகக் காற்றடைத்த மிதவை வளையம் ஒன்று வாங்கியிருக்கிறோம், அதைக் கொண்டுவரலாமா?

பாம்பன் மண் (இப்போது கொடைக்கானல்)

தீவிலேயே உயரமான இடம் அதுதான் என்றாலும், நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து பார்த்தால் எங்கள் பர்வதம் ஒரு மணல்மேடுதான். சில படிகள் இருக்கின்றன, கைப்பிடித்து மெதுவாக ஏறிவிடலாம், மேலிருந்து தீவின் இரு கடலும் தெரியும். ஏற வேண்டாம் என்றால், பாலத்துக்கு இப்பால் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். தனுஷ்கோடிக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள குடிசைகளின் அருகே மணலில் கையால் இரண்டடி தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். இருபுறமும் உப்புக்கடல் இருக்கும்போது நடுவில் அந்த நீர் இனிப்பதை அவர் குடித்துப் பார்க்கட்டும்.

மிதவை வளையத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காற்று தள்ளிக்கொண்டு போவதில் முதலாவது அதுதான்.