மறு: கூரைச்சாளரத்துக்கு இழுத்து மூடும் திரை – ‘அடங்குதிரை’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

கூரையில் பதித்த கண்ணாடிக்கு (skylight) வெயில் மறைக்க இழுத்து விரித்து, வேண்டாதபோது ஒதுக்கிவிடும் திரைக்கு (retractable shade) நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்று பேசும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், ஊரில் வேலை இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. முதலில் ஒன்று: ‘உள்ளிழுக்கக்கூடிய நிழல்’ என்ற நேர் மொழிபெயர்ப்பு வேண்டவே வேண்டாம். உள்ளிழுப்பது என்றால் நமக்கு மூச்சுதான் நினைவுக்கு வரும். நிழலும் இங்கே பொருந்தாது. பந்தல் போட்டால் நிழல் கிடைக்கும், ஆனால் பந்தலையே நிழல் என்று யாரும் சொல்வதில்லை.

பெயர் வைக்கும் முன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் நான் நேரில் பட்ட அனுபவம் ஒன்று இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் என் சித்தப்பா வீட்டு முற்றத்தின் மேல் வெகுநாள் கம்பி வலை மட்டுமே இருந்தது, மழை நேராக உள்ளே விழும். சில வருடங்களுக்கு முன் அதன்மேல் கண்ணாடி போட்டார்கள். மழைக்காலத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சித்திரை வந்ததும் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. அந்த ஊர் இருப்பது ஏறத்தாழ 10 பாகை வடக்கில், அதாவது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். சுவரில் இருக்கும் சன்னலை ஒரு சன்ஷேடு காப்பாற்றும், கூரைக் கண்ணாடிக்கு அப்படி ஒதுங்க இடமே கிடையாது.

அப்புறம் ஒருவர் வந்து கண்ணாடிக்குக் கீழே இரண்டு கம்பி இழுத்து, வளையம் கோத்துத் துணி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே மாதத்தில் துணி நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. ஒதுக்கினாலும் ஒரு மூலையில் மூட்டையாக நிற்கும், அதில் பல்லி எச்சமும் தூசியும். அவ்வளவு அழகான முற்றத்தில் மேலே பார்த்தால் கண்ணில் படுவது அந்த மூட்டை ஒன்றுதான். எனக்கு அது இன்னும் வருத்தம்.

ஏன் அப்படி ஆயிற்று என்றால், சன்னல் திரை செங்குத்தாகத் தொங்குவதால் அதன் எடையே அதை நேராக வைத்துக்கொள்கிறது, கிடையாக விரிக்கும் திரைக்கு அதே எடைதான் பகை. அதனால் இரண்டு பக்கமும் ஓரத்தைப் பிடித்து வைக்க ஒரு காடி வேண்டும் (தச்சர்கள் மரத்தில் நீளப் பள்ளமாக எடுக்கிறார்களே, அதே காடி), முன்னால் ஓடும் சட்டம் வேண்டும், துணி எந்த நிலையிலும் விறைப்பாக நிற்க வில்லோ (ஸ்பிரிங்) கயிறோ எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தும் கண்ணில் படக்கூடாது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள துணி 4 மீட்டர் நீளம் என்று வையுங்கள், 50 மி.மீ. குழாயில் முழுக்கச் சுற்றினால் உருளையின் விட்டம் ஏறத்தாழ 71 மி.மீ. வரும். அதற்குக் கூடு, கூட்டுக்கு இடம். அந்த இடத்தை உத்தரம் போடும்போதே விட்டிருந்தால் திரை இருப்பதே தெரியாது, கண்ணாடி போட்ட பிறகு யோசித்தால் ஒரு பெட்டியைத் தொங்கவிடத்தான் வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் பொருளின் உயிரே அது போய் உட்காரும் இடத்தில்தான் இருக்கிறது. பெயரும் அதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அதனால்தான் இழையில் வந்த ‘சுருள்திரை’, ‘மடிதிரை’ இரண்டையும் பொதுப்பெயராக ஏற்க மனம் வரவில்லை. நல்ல சொற்கள்தான். ஆனால் ஒன்று சுருளும், ஒன்று விசிறி மடிப்பாக அடுக்கும், தேனடை மாதிரி அறை அறையாக இருக்கும் திரையும் உண்டு. அவை வகைகளின் பெயர்களாக இருக்கட்டும்.

இழையில் ‘கரவெழினி’ என்ற சொல்லை முன்வைத்த ஐயா எடுத்துக்காட்டிய சிலப்பதிகார அரங்கேற்று காதை வரியைப் படித்தபோது மெய் சிலிர்த்தது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள். கரந்துவரல் எழினிக்கு உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் மேற்கட்டுத்திரை என்றே உரை சொல்கிறார், மற்ற இரண்டையும் உருவுதிரை என்கிறார். மறைந்திருந்து வருகிற, மேலே கட்டுகிற திரை! நாம் தேடும் பொருளுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு சொல் கிடைத்தது பெரிய விஷயம், கட்டுரையிலும் முன்னுரையிலும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சுருக்கிக் ‘கரவெழினி’ ஆக்கும்போது எனக்குத் தயக்கம் வருகிறது, மன்னியுங்கள் ஐயா. எழினி இன்று பெண்குழந்தைக்கு வைக்கும் பெயராகத்தான் பலருக்கும் தெரியும், கரவு என்றால் வஞ்சனை என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏணியில் நின்றுகொண்டு திருகாணி முடுக்குபவர் வாயில் அது வராது.

இழையில் தோழி ஒருவர் சொன்ன ‘ஒளிதிரை’ மேல் எனக்கு ஆசை அதிகம். ஒளிந்துகொள்ளும் திரை, வெளிச்சத்தைக் கையாளும் திரை, இரண்டும் ஒரே சொல்லில். சிக்கல் எங்கே என்றால், வினைத்தொகையாக எழுதினால் ஒளிதிரை, ‘த்’ போட்டால் ஒளித்திரை, அது கணினித் திரை மாதிரி ஆகிவிடும். ஒற்று ஒன்றை நம்பிக் கலைச்சொல் நிற்க முடியாது, நாமே பாதி நேரம் ஒற்றை விட்டுவிடுகிறோம்.

சரி, என் பரிந்துரை ‘அடங்குதிரை’. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, ஒற்று மிகாது. மடக்குக் குடையைப் பார்த்து “மடிச்சா பைக்குள்ள அடங்கிடும்” என்கிறோம், சின்னதாகக் கச்சிதமாக இருக்கும் வீட்டை “அடக்கமா இருக்கு” என்கிறோம். உள்ளே போய்விடுவது, உறுத்தாமல் இருப்பது என்ற இரண்டு பொருளும் பேச்சிலேயே இருக்கிறது, நாம் எதையும் திணிக்க வேண்டியதில்லை. வினையும் கையோடு கிடைக்கிறது: திரை விரியும், அடங்கும், திரையை விரி, அடக்கு. ரிமோட் பொத்தானில் ‘விரி’, ‘அடக்கு’ என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும். ஊரடங்கு நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லக்கூடும், ஆனால் அங்கேயும் அடங்குதல் ஒடுங்கி உள்ளே இருப்பதுதான்.

கண்ணாடிக்கு மேலே போடுவதைப் புற அடங்குதிரை என்றும் கீழே போடுவதை அக அடங்குதிரை என்றும் பிரிக்கலாம். இந்தப் பிரிவு அவசியம், ஏனென்றால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து துணியைச் சுட்டபின், அந்தச் சூடு கண்ணாடி வழியே திரும்பக் கதிராக வெளியேறாது, உள்ளேயே தங்கும். வெளியே தடுத்தால் வீட்டுக்குள் வருவதே குறைவு. 1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் கட்டிய கண்ணாடி மாளிகைக்குக் கூரையின் வெளிப்பக்கமாகத்தான் துணி போட்டார்கள். ஆனால் நம் ஊர்க் காற்றுமழையில் புறத்திரைக்குச் சேதம் அதிகம், பலரும் உள்ளேதான் போடுவார்கள். அப்படியானால் துணியின் மேல்முகம் வெள்ளையாக இருக்க வேண்டும், சூடான காற்று வெளியேற உச்சியில் இடைவெளியும் விட வேண்டும். சொல் விளக்கத்தில் இந்த இரண்டு வரியைச் சேர்த்தால் படிப்பவருக்கு உதவும்.

உறுப்புகளுக்கு: திரைக்கூடு, பக்கக்காடி, முன்சட்டம், தொய்வு, விறைப்பு. மோட்டாரை மோட்டார் என்றே விட்டுவிடலாம்.

யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. அங்கே படங்கு என்று சொல்வது தார்ப்பாயை மட்டுமா, வெயிலுக்கு இழுத்துக் கட்டும் துணியையும் சேர்த்தா? புறத்திரைக்கு அது பொருந்துமானால் ‘அடங்குபடங்கு’ என்று நாக்கைச் சுற்றாமல் வேறு எப்படிச் சேர்க்கலாம் என்று எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை பட்டியலை அனுப்பும் முன் பார்த்துவிடுகிறேன்.