கற்பனை இனங்கள் பிசகாமல் இருப்பதற்கு என்ன சொல்? 'மரபு வழாநிலை' என்கிறேன்

நண்பர்களுக்கு,

இழை நீண்டுகொண்டே போவதால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக, கேள்வி இதுதான். ஒரு அட்டை விளையாட்டின் உலகாக்கத்தில், மேற்கத்திய மாயக்கதைகளில் வரும் எல்ஃப், காப்ளின், குள்ளர் என்று சில இனங்களை வைக்கிறோம். உருவம், குணம், விதி, பேச்சு என எதிலும் அவை அட்டைக்கு அட்டை, தொகுப்புக்குத் தொகுப்பு பிசகாமல் இருக்க வேண்டும். அந்தப் பிசகாத தன்மைக்குத் தமிழில் என்ன சொல்வது? இதுவரை வந்தவை இனத் தூய்மை, இன ஒருமைப்பாடு, இன முரணின்மை, இனச் சீர்மை.

> இனத் தூய்மை என்றால் எல்லாருக்கும் உடனே புரியும்

புரியும்தான், தப்பாகப் புரியும். இந்தச் சொல்லுக்கு வரலாற்றில் ஒட்டிய ரத்தம் இன்னும் காயவில்லை. காப்ளினுக்கு எத்தனை விரல் என்று பேசுகிற இடத்தில் இதைக் கொண்டுவந்து வைக்க வேண்டாம். 'இன ஒருமைப்பாடு' அந்த அளவு மோசமில்லை, ஆனால் சுவரொட்டியில் கைகோத்து நிற்கும் குழந்தைகள்தான் கண்முன் வருகிறார்கள். எல்ஃபும் குள்ளரும் சண்டை போடாமல் வாழ்வதைச் சொல்ல வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

'முரணின்மை' நல்ல சொல். தருக்கத்திலும் கணிதத்திலும் அதற்கு வேலை இருக்கிறது. நம் சிக்கலுக்குத்தான் அது போதவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

மேஜிக்: தி கேதரிங் என்ற அட்டை விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 முதல் வருகிறது, இந்தத் தொல்லைகள் எல்லாவற்றையும் முதலில் அனுபவித்தது அதுதான். அதன் காப்ளின்களைப் பாருங்கள். 2004-இல் வந்த கமிகாவா உலகத்தில் அவற்றின் முதுகில் ஓடு இருக்கிறது. 2017-இல் வந்த இக்ஸலான் உலகத்தில் குரங்கு மாதிரி வாலும் மயிருமாகக் கப்பலில் தாவுகின்றன. எல்ஃபுகளும் அப்படித்தான். தொடக்க காலத்து எல்ஃப் கூர்காதோடு காட்டில் இருக்கும், 2007-இன் லோர்வின் உலகத்து எல்ஃபுக்கோ கொம்பும் குளம்பும் உண்டு, அழகு என்பதை ஒரு வெறியாகவே வைத்திருக்கும், அழகில்லாதவற்றை வேட்டையாடும். இதெல்லாம் முரணா? இல்லை. அவை வேறு வேறு உலகங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, ஆடுகிறவரும் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அதே லோர்வினில் ஓர் ஓவியர் மறந்துபோய்க் கொம்பில்லாத எல்ஃபை வரைந்து, அதற்குக் கதையில் ஒரு காரணமும் இல்லாமல் அட்டை வெளிவந்தால் அது பிழை. அப்படியானால் நமக்குத் தேவை ஒரு சொல் அல்ல, மூன்று. பிசகாமல் இருப்பதற்கு ஒன்று, பிசகியதற்கு ஒன்று, காரணத்தோடு வேண்டுமென்றே பிசகியதற்கு ஒன்று. 'முரணின்மை', 'முரண்' என்ற இணையை வைத்துக்கொண்டு அந்த மூன்றாவதைச் சொல்ல முடியவில்லை. 'ஏற்கத்தக்க முரண்' என்று இரண்டு சொல் போட்டு ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது.

இந்த மூன்றும் நம் இலக்கணத்தில் அப்படியே இருக்கின்றன. வழாநிலை, வழு, வழுவமைதி. புதிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. அதிலும் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுக்கள் ஏழு, கடைசியில் நிற்கும் மரபுவழுதான் நமக்கு வேண்டியது. பள்ளிக்கூடத்து எடுத்துக்காட்டு நினைவிருக்கும்: யானை மேய்ப்பவன் பாகன், ஆடு மேய்ப்பவன் இடையன், மாற்றிச் சொன்னால் மரபுவழு. அதில் தருக்க முரண் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'யானை மேய்க்கும் இடையன்' என்றால் பொருள் புரிகிறது, நடக்க முடியாததும் அல்ல. 'இதை இப்படித்தான் சொல்வது' என்று வகுத்து வைத்ததிலிருந்து விலகுகிறது, அவ்வளவுதான். கற்பனை இனத்துக்கும் இதே நிலைமை. காப்ளினுக்கு எத்தனை விரல் என்பதில் உண்மை பொய் கிடையாது, ஏனென்றால் காப்ளினே கிடையாது. நாம் வகுத்த மரபு ஒன்றுதான் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலில் 'மரபுநிலை திரியின் பிறிது பிறிதாகும்' என்று ஒரு நூற்பா வருகிறது, மரபு மாறினால் பொருளே வேறாகிவிடும் என்று அர்த்தம். ஓவியர்களுக்குக் கொடுக்கும் உருவ வழிகாட்டியின் முதல் பக்கத்தில் இதை அப்படியே அச்சடிக்கலாம்.

ஆகவே என் முன்மொழிவு: மரபு வழாநிலை, மரபுவழு, மரபு வழுவமைதி.

> வழுவமைதி எல்லாம் தேர்வுக்குப் படித்ததோடு சரி, யார் புழங்குவார்கள்?

வாதம் நியாயமானதுதான். ஆனால் இதைப் புழங்கப்போவது உலகாக்கம் செய்கிறவரும் அட்டைக்கு உரை எழுதுகிறவரும், ஆடுகிறவர் அல்ல. ஆடுகிறவர் 'என்னய்யா இந்தக் காப்ளின் காப்ளின் மாதிரியே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போவார், அவருக்கு அது போதும். அதோடு படித்து மறந்த சொல்லை மறுபடி நினைவுபடுத்துவது, கேள்வியேபடாத சொல்லைப் பழக்குவதைவிடச் சுலபம்.

இந்தச் சொற்களை எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆங்கிலத்தில் அட்டை எழுதுகிறவருக்கு வராத ஒரு தலைவலி தமிழில் எழுதுகிறவருக்கு வருகிறது. காப்ளின் உயர்திணையா அஃறிணையா? இழையைத் தொடங்கிய நண்பர் இணைத்திருந்த வரைவையே பாருங்கள். ஓர் அட்டையில் 'உங்கள் காப்ளின்கள் இருமுறை தாக்கும்' என்றிருக்கிறது. நாலு அட்டை தள்ளி 'காப்ளின்கள் தாக்கியபின் களத்தைவிட்டு ஓடிவிடுவார்கள்' என்கிறது. ஒரே இனம், ஒரே தொகுப்பு. முதலாவதில் விலங்கு, இரண்டாவதில் ஆள். இதை ஓவியர் தலையில் கட்ட முடியாது, எழுதியவர் கைவேலை.

'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்கிறது நன்னூல், மற்ற உயிருள்ளவையும் இல்லாதவையும் அஃறிணை. மனிதரல்லாத ஆனால் பேசுகிற, சிந்திக்கிற கூட்டத்துக்கு இலக்கணம் ஏற்கெனவே இடம் ஒதுக்கிவைத்திருக்கிறது. அதனால் விதி எளிதாகிவிடுகிறது. உலகத்தில் பேசுகிற இனம் எல்லாம் உயர்திணை, பேசாதவை அஃறிணை, ஓர் இனத்துக்கு ஒருமுறை முடிவுசெய்தால் கடைசி அட்டைவரை அதுதான். பன்மையும் அதன்படியே வரவேண்டும். குள்ளர் என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே எல்ஃபுகள் என்று போடும்போது ஒருவருக்கு மரியாதை, இன்னொன்றுக்குத் தொழுவம் என்றாகிறது. எல்ஃபர், காப்ளினர் என்று எழுதிப் பார்த்தேன், முதல் பார்வைக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, அப்புறம் பழகிவிடுகிறது. (இந்த மடலில் 'எல்ஃபுகள்' என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை என்பதால்.) விதியுரையில் மட்டும் ஒரு வசதி உண்டு, 'தாக்கினால்', 'இறந்தபின்', 'களத்தில் நுழையும்போது' போன்ற எச்சங்களில் திணை தெரியாது. முடிந்தவரை எச்சமாக எழுதி, முற்று வருமிடத்தில் 'இந்த அட்டை' என்று எழுவாயை மாற்றிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

வழுவமைதி உண்மையில் வேலை செய்யும் இடம் அட்டையின் அடியில் சாய்வெழுத்தில் வரும் கதைவரி. அங்கே ஓர் எல்ஃப் பிரபு காப்ளினைப் பார்த்து 'அது இன்னும் சாகவில்லையா?' என்று கேட்டால் அதைத் திருத்தக் கூடாது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் அது இயல்பே என்று நன்னூல் சொல்கிறது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது உவப்பு, எல்ஃப் பிரபு சொன்னது இழிப்பு. அந்த ஒரு 'அது' எல்ஃபுகளின் திமிரை ஒரு பத்தி வருணனையைவிட நன்றாகச் சொல்லிவிடும். ஆனால் விதியுரை முழுக்கக் காப்ளின்களை 'அவர்கள்' என்று எழுதியிருந்தால்தான் இந்த 'அது' குத்தும். எல்லா இடத்திலும் அவரவர் தோன்றியபடி எழுதியிருந்தால் இங்கே வந்தது இழிப்பா எழுத்துப்பிழையா என்று யாருக்குத் தெரியும்? வழுவமைதி வேண்டுமென்றால் முதலில் வழாநிலை வேண்டும்.

அடுத்து 'இனம்' என்ற சொல். நேற்று ஒருவர் இதை ஏன் மாற்றவேண்டும் என்று கேட்டிருந்தார். ஆங்கிலக்காரர்களே அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் போகிறார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் இனம் என்பதற்குப் பதில் உயிரினவகை என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறப்போவதாக 2022 டிசம்பரில் அறிவித்தார்கள், 2024 கையேட்டில் மாற்றியும் விட்டார்கள். அதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டர் அதற்கு முன்பே, 2019-இன் இரண்டாம் பதிப்பில், வம்சாவளி என்ற பொருளில் வேறு சொல்லை வைத்துக்கொண்டது. அவர்கள் மாற்றினார்கள் என்பதற்காக நாமும் மாற்ற வேண்டியதில்லை, நமக்கு நம் காரணம் இருக்கிறது. தமிழில் 'இனம்' தினமும் அரசியலில் புழங்கும் சொல், 'குலம்' சாதிக்குப் போய்விடும், 'சாதி' பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் 'கணம்' என்பேன். பூதகணம் எல்லாருக்கும் தெரியும். இயக்கர், கின்னரர், கந்தருவர், நாகர், அசுரர் என்று பதினெண்கணம் என்ற கணக்கு பழைய நூல்களில் இருக்கிறது. திருமுருகாற்றுப்படையில் வரும் 'ஒன்பதிற்று இரட்டி' இந்தப் பதினெட்டைத்தான் குறிக்கிறது. மனிதரல்லாத, பேசுகிற, தனித்தனி இயல்பு கொண்ட கூட்டங்கள். வேறென்ன வேண்டும்?

> கணிதத்தில் கணம் வேறு பொருளில் இருக்கிறதே

இருக்கட்டுமே. எது உறுப்பு, எது இல்லை என்று தெளிவாக வரையறுத்த தொகுப்பு என்பதுதானே அங்கே பொருள், இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். 'எல்லாக் காப்ளின் அட்டைக்கும் ஒரு வலிமை கூட்டு' என்கிற விதி, கணிதக் கணத்தின் உறுப்புகள்மேல் செய்யும் வேலையேதான். பொருள் இடிக்கவில்லை, கைகொடுக்கிறது.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது: கணத்தையும் தொழிலையும் கலந்துவிடுவது. 2014-இல் வந்த ஹார்த்ஸ்டோன் என்ற கணினி அட்டை விளையாட்டில் டிராகன், பேய், மர்லாக் (மீன் போன்ற ஓர் இனம்) ஆகியவற்றோடு ஒரே வரிசையில் கடற்கொள்ளையரும் ஒரு வகை. டிராகனாகப் பிறக்கலாம், கொள்ளைக்காரராகப் பிறக்க முடியுமா? ஓர் அட்டைக்கு ஒரே வகைதான் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள், 2022 கடைசியில்தான் இரண்டு வகை கொண்ட அட்டைகள் வந்தன. மேஜிக்கில் இன்னும் வேடிக்கை. தொடக்க காலத்தில் மனிதர் என்ற வகையே கிடையாது, ஒரு படைவீரர் அட்டையில் வெறும் 'படைவீரர்' என்றிருக்கும். 2003-இல் மிரோடின் தொகுப்பில்தான் மனிதரும் ஒரு வகை என்று எழுதத் தொடங்கினார்கள், இன்ன கணம் இன்ன தொழில் என்று இரண்டும் சேர்ந்து வருவது முறையானது. காப்ளின்களின் வலிமையைக் கூட்டும் 'காப்ளின் அரசன்' அட்டை இதற்கெல்லாம் மேல். முதல் பதிப்பில் அதன் வகை 'தலைவர்', காப்ளின் இல்லை. காப்ளின்களின் அரசன், ஆனால் காப்ளின் அல்ல! பிற்பாடு அதைக் காப்ளின் ஆக்கியபோது தன் வலிமையைத் தானே கூட்டிக்கொள்ளாமலிருக்க 'மற்ற காப்ளின்கள்' என்று விதியில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டிவந்தது. 2007-இல் பழைய அட்டைகளின் வகைகளைப் பெரிய அளவில் திருத்தினார்கள். ஆரம்பத்தில் அசட்டையாக விட்டதைப் பல வருடம் கழித்து இப்படித்தான் பெருக்கித் தள்ளவேண்டியிருக்கும்.

நம் பழைய பட்டியலும் இதில் சுத்தம் இல்லை. பதினெண்கணப் பட்டியல்கள் நூலுக்கு நூல் மாறும், சிலவற்றில் முனிவரும் சித்தரும் ஒரு கணமாக நிற்கிறார்கள். முனிவர் என்ன கணம்? ஹார்த்ஸ்டோன் கடற்கொள்ளையரின் அண்ணன்.

எனவே கலைச்சொல் பட்டியலில் 'கணம்' ஒரு வரி, 'தொழில்' தனி வரி என்று போடலாம். ஒவ்வொரு கணத்துக்கும் வகுத்த உருவம், குணம், திணை, பன்மை எல்லாம் சேர்ந்தது 'கணமரபு'. அது பிசகாமல் நிற்பது மரபு வழாநிலை, பிசகினால் மரபுவழு, காரணத்தோடு பிசகினால் மரபு வழுவமைதி. 'கணவழு' என்று சுருக்கலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார், வேண்டாம், வேகமாகப் படித்தால் 'கணவர்' என்று கண் தடுக்குகிறது.

கடல்மாந்தருக்கு வாலா காலா என்ற கேள்விக்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது. மேஜிக்கில் லோர்வினில் அவர்களுக்கு மீன்வால், 2009-இன் செண்டிகாரில் கால். நம் நண்பரின் வரைவிலோ ஒரே உலகத்தில் ஓர் அட்டையில் வால், இன்னோர் அட்டையில் கால். நீரில் வால், கரையேறினால் கால் என்று கதையில் ஒரு வரி சேர்த்தால் வழுவமைதி ஆகிவிடும். ஆனால் அப்படிச் செய்தால் படிக்கட்டில் வாலோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பதினோராவது அட்டையை மறுபடி வரையச் சொல்லவேண்டும்.